முப்பத்தைந்து வயதுக் காரின் ஏசி: காஸ் அடிப்பதற்கு முன் கசிவைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, என் தந்தை வைத்திருந்த 1990 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா இப்போது என்னிடம் இருக்கிறது. என்ஜின் நன்றாக ஓடுகிறது. ஏசி மட்டும் எட்டு வருடமாக வேலை செய்யவில்லை. சென்ற சித்திரையில் ஒரு கராஜில் காஸ் அடித்தேன். மூன்று வாரம் நன்றாகக் குளிர்ந்தது, பிறகு பழையபடி சுடுகாற்றுத்தான். மீண்டும் அடித்தேன், இம்முறை பத்து நாள்கூட நிற்கவில்லை. இரண்டாவது கராஜில் கம்பிரஷரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறொருவர் சமையல் காஸை அடித்துக் குறைந்த செலவில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அம்மாவை மாதம் ஒரு முறை கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் அந்த வெக்கையை அவரால் தாங்க முடிவதில்லை. இந்தக் காருக்கு இனிப் பணம் செலவழிப்பதில் பயன் உண்டா? உண்டென்றால் எதை முதலில் செய்ய வேண்டும்? – உப்புவெளி வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு வரியே எனக்குப் பெரிய தகவலாக இருந்தது. முதல் தடவை காஸ் அடித்தபோது மூன்று வாரம் நன்றாகக் குளிர்ந்தது என்கிறீர்கள். அப்படியானால் அந்த மூன்று வாரமும் கம்பிரஷர் வேண்டிய அமுக்கத்தைக் கொடுத்திருக்கிறது, கம்பிரஷரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடித்திருக்கிறது, குளிர்விக்கும் கொயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைபடாமல் இருந்திருக்கிறது, மின்விசிறி காற்றை இழுத்திருக்கிறது. வேலை செய்ய வேண்டியவை எல்லாம் வேலை செய்திருக்கின்றன, உள்ளே போன காஸைப் பிடித்து வைத்திருக்க மட்டும் அந்த அமைப்பால் முடியவில்லை. ஆகவே இந்தக் காருக்குச் செலவழிப்பதில் பயன் உண்டு என்பதே உங்கள் முதற் கேள்விக்கு என் பதில். ஆனால், கசிவு எங்கே என்று கண்டு அதைச் சரிசெய்யும் வரையில் இன்னொரு முறை காஸ் அடிக்க வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏசி காஸையும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் ஒன்றாகவே பலரும் எண்ணுகிறார்கள். வருடம் ஒரு முறை அடிப்பதுதான் வழக்கம் என்று சொல்லும் கராஜ்களும் உண்டு. உண்மையில் அந்த காஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்பிரஷர் அதை நெருக்குகிறது; முன்பக்கத்துக் கண்டென்சரில் அது தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது; டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் கொயிலில் மீண்டும் ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இந்தச் சுற்றில் காஸ் செலவாகும் இடம் எதுவுமே இல்லை. பழைய இறப்பர் ஹோஸ்களின் வழியாக வருடக் கணக்கில் சிறிதளவு வெளியேறுவது இயல்புதான். மூன்று வாரத்தில் வெறுமையாவதும், அடுத்த முறை பத்து நாளில் வெறுமையாவதும் தெளிவான கசிவு, அதுவும் பெரிதாகிக்கொண்டு வரும் கசிவு.

எந்த காஸ் என்ற விடயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனெனில் உங்கள் காரில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கக்கூடும். 1990 இல் தயாரான கார் ஆர் 12 என்ற காஸுக்காகச் செய்யப்பட்டது. அதில் உள்ள குளோரீன் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987 இன் மொன்றியல் உடன்படிக்கையின்படி அதன் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. கைத்தொழில் வளர்ந்த நாடுகளில் 1996 இன் தொடக்கத்திலும், எம்மைப் போன்ற வளர்முக நாடுகளில் 2010 இன் தொடக்கத்திலும் அது முடிவுக்கு வந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் இன்று எல்லாக் கராஜ்களிலும் வெளிர்நீலச் சிலிண்டரில் நீங்கள் காணும் ஆர் 134ஏ. உங்கள் காரில் சென்ற சித்திரையில் அடித்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இப்போது பொனட்டைத் திறந்து, காஸ் அடிக்கும் வாய்களைப் பாருங்கள். புரி உள்ள சிறிய பழைய வாய்கள் அப்படியே இருந்தால், யாரோ தற்காலிக இணைப்பு ஒன்றைப் பூட்டிப் புதிய காஸைப் பழைய அமைப்புக்குள் செலுத்தியிருக்கிறார்கள், வேறு எதையும் மாற்றவில்லை என்று பொருள்.

அப்படிச் செய்வதில் என்ன கேடு என்றால், ஒயில். கம்பிரஷருக்குத் தனியாக ஒயில் பம்ப் கிடையாது. காஸுடன் கலந்து சுற்றி வரும் ஒயில்தான் அதன் உள்ளுறுப்புகளை நனைக்கிறது. ஆர் 12 உடன் பயன்படுத்திய கனிம ஒயில், ஆர் 134ஏ உடன் கலப்பதில்லை. கம்பிரஷரை விட்டுப் புறப்படும் ஒயில் கண்டென்சரிலும் கூலிங் கொயிலிலும் போய்த் தேங்கிவிடும், திரும்பி வராது. நான் தொழில் பழகிய தொடக்க காலத்தில், இதன் பாரதூரம் விளங்காமல், ஒரு பழைய வானுக்குப் பழைய ஒயிலின் மேலேயே புதிய காஸை அடித்துக் கொடுத்தேன். திருகோணமலையை விட்டுப் போகும்போது உறையும் குளிர். ஹபரணையைத் தாண்டும் முன் கம்பிரஷர் இறுகி, பெல்ட் தேய்ந்து கருகி, வான் புகையோடு நடுவழியில் நின்றுவிட்டது. அதில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு. அந்தக் கம்பிரஷரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். உங்கள் கம்பிரஷர் மூன்று வாரமும் பத்து நாளும் அந்த நிலையில் ஓடியிருக்கலாம். அது இன்னும் பழுதடையவில்லை என்றே நம்புகிறேன், ஆனால் இனி ஒரு நாளும் அப்படி ஓடக் கூடாது.

இனி வேலையின் ஒழுங்கைச் சொல்கிறேன். காஸ் அமைப்பைத் திறப்பதற்கு முன், காசு அதிகம் தேவைப்படாத சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். என்ஜின் சூடாகும் தன்மை இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ரேடியேட்டர் நொந்து போயிருக்கும் காரில் ஏசியைப் போடுவது என்ஜினுக்குச் செய்யும் தீங்கு. பெல்ட் வெடித்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசி பொத்தானை அழுத்தியதும் என்ஜினின் ஓய்வு வேகத்தைச் சற்று உயர்த்திக் கொடுக்கும் சிறிய வால்வு ஒன்று உங்கள் கார்புரேட்டரின் அருகில் இருக்கும். அதன் இறப்பர்க் குழாய் கிழிந்திருந்தால் சந்தியில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடும். கிளட்ச் சுருளின் மின்தடை 3 அல்லது 4 ஓம் அளவில் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இவற்றோடு, பலர் கவனிக்காமல் விடும் ஹீட்டர் தட்டையும் பாருங்கள். பல பழைய ஜப்பானியக் கார்களில் என்ஜினின் சுடுநீர் டாஷ்போர்டுக்குள் போகும் வழியில், கம்பியால் இழுபட்டுத் திறந்து மூடும் சிறிய தட்டு ஒன்று உண்டு. எமது ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் அது பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து இறுகிப்போவது வழக்கம். அப்போது கூலிங் கொயில் குளிர வைக்கும் காற்றை, அதன் அடுத்த பெட்டியிலேயே சுடுநீர் மீண்டும் சூடாக்கிவிடும். என்ஜின் சூடானபின் அந்தத் தட்டின் இரு பக்கத்து ஹோஸ்களையும் அவதானமாகத் தொட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டைக் குளிர் பக்கம் முழுவதும் தள்ளியிருந்தும் இரண்டும் ஒரே மாதிரிச் சுட்டால், தட்டு மூடவில்லை. ஏசி சரியில்லை என்று என்னிடம் வந்த கார்களில் சிலவற்றை இந்த ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது கசிவு தேடுதல். இதற்கு உலர்ந்த நைதரசன் சிலிண்டரும், அதற்குரிய அமுக்கச் சீராக்கியும் உள்ள கராஜுக்குத்தான் போக வேண்டும். உள்ளே மிஞ்சியிருக்கும் காஸை முறையாக இழுத்தெடுத்த பிறகு, 150 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அமுக்க அலகு) அளவுக்கு நைதரசனை ஏற்றி மூடிவிட்டு, ஓரிரவு விட்டுவைப்பார்கள். மாலையில் 33 பாகை இருந்து விடியற்காலையில் 26 பாகைக்கு இறங்கினால், கசிவே இல்லாவிட்டாலும் கேஜ் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். அதற்கு மேல் குறைந்தால் கசிவு. டயருக்குக் காற்று அடிக்கும் கம்பிரஷரை இதற்குப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள், அந்தக் காற்று ஈரத்தை உள்ளே கொண்டுபோகும். ஒட்சிசன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது. அமுக்கத்தில் உள்ள ஒட்சிசனும் ஒயிலும் சந்தித்தால் வெடிக்கும்.

கசியும் இடத்தைக் கண் முதலில் காட்டிக்கொடுக்கும். காஸ் வெளியேறும் இடத்தில் அதனோடு ஒயிலும் வெளியேறும், அந்த ஒயிலில் வீதிப் புழுதி வந்து ஒட்டும். ஆகவே சுத்தமான அலுமினியக் குழாயின் நடுவே, ஐந்து சதக் குற்றி அளவில் கரிய ஈரத் திட்டு ஒன்று தெரிந்தால் அங்கே சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவிக் காத்திருங்கள். பெரிய கசிவு உடனே குமிழ் விடும். சிறியது அப்படியல்ல, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, கோழிமுட்டை வெள்ளையை அடித்தது போலச் சிறிய வெண்ணுரைத் திட்டாக மெல்லத் திரளும். அவசரப்பட்டுத் துடைத்துவிடுபவர் அதைக் காண மாட்டார். கம்பிரஷரின் முன்பக்கச் சுழல்தண்டு சீல், ஹோஸ் நுனிகளின் உலோகப் பிடி, கண்டென்சரின் அடிவிளிம்பு, காஸ் அடிக்கும் வாய்களின் உட்குச்சி ஆகிய நான்கும் நான் முதலில் பார்க்கும் இடங்கள். உங்கள் கார் எட்டு வருடம் ஏசி போடாமல் நின்றதால், ஒயில் படாமல் காய்ந்துபோன சுழல்தண்டு சீலின் மேல்தான் என் முதற் சந்தேகம். அதற்கு அடுத்த சந்தேகம் கண்டென்சர்.

கண்டென்சரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கத்துக் கார்களுக்கு அது தனி நோய். கடற்காற்றில் வரும் உப்பு, கண்டென்சரின் மெல்லிய அலுமினியச் செதில்களில் படிந்து, இரவு ஈரத்தில் கரைந்து, பகலில் காய்ந்து, மீண்டும் படிகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது செதில்கள் ஒழுங்காக நிற்பது போலவே தோன்றும். பெருவிரலால் மெதுவாக உரசினால் வெள்ளைத் தூளாக உதிர்ந்து விழும். செதில் குழாயோடு ஒட்டியிருந்தால்தான் சூடு குழாயிலிருந்து செதிலுக்கும், செதிலிலிருந்து காற்றுக்கும் போகும். ஒட்டு விட்டுப்போன கண்டென்சரில் கசிவே இல்லாவிட்டாலும் குளிர் வராது. கண்டென்சரைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் இறப்பர்த் துண்டுகளின் அடியிலும் பாருங்கள். அந்த மறைவில் உப்பு ஈரம் காயாமல் தங்கிக் குழாயை ஊசித்துளையாக அரித்திருக்கும். அந்தத் துளையை ஒட்டு மருந்து வைத்து அடைப்பதை நான் ஏற்பதில்லை. ஓடும்போது 200 பிஎஸ்ஐக்கு மேல் அமுக்கம் வரும் இடம் அது.

கண்டென்சரை மாற்ற வேண்டி வந்தால், பழையதைப் போலவே ஒற்றைக் குழாய் வளைந்து வளைந்து போகும் வகையைத் தேடாதீர்கள். இரு பக்கத்திலும் நிமிர்ந்த குழாய்கள் நிற்க, அவற்றுக்கிடையே பல மெல்லிய தட்டைக் குழாய்கள் சமாந்தரமாக ஓடும் புதிய வகையை, காரின் முகப்பில் அடங்கக்கூடிய மிகப் பெரிய அளவில் போடுங்கள். ஆர் 134ஏ, ஆர் 12 ஐ விடக் கூடிய அமுக்கத்தில் வேலை செய்வதால் சூட்டை வெளியேற்ற அதிக இடம் கேட்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து கச்சான் வீசும் பிற்பகல்களில், கண்டென்சருக்கு வந்து சேரும் காற்றே 35 பாகைக்கு மேல் இருக்கும். அந்த நாளில் ஏசி தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கண்டென்சரும் அதன் முன்னே உள்ள விசிறியும்தான். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் பக்கங்களிலும் உள்ள இடைவெளிகளை ஸ்பொஞ்சால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விசிறி கண்டென்சரைச் சுற்றியே காற்றை எடுத்துக்கொள்ளும்.

கூலிங் கொயிலைப் பார்ப்பதற்கு டாஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்ற வேண்டும். உங்கள் காரில் அது அரை நாள் வேலைக்கு மேல் போகாது. கழற்றினால் வேப்பஞ் சருகும் புழுதியும் ஈரத்தோடு சேர்ந்து கம்பளம் போல அதன் முகத்தில் படிந்திருப்பதைக் காண்பீர்கள். மெல்லிய சவர்க்கார நீரால், செதில் மடியாமல் கழுவி, நீர் வடியும் குழாயையும் ஒரு கம்பியால் துப்பரவாக்கிவிடுங்கள். முன் இருக்கையின் கால்வைக்கும் இடத்துக் கம்பளம் ஈரமாகிறது என்றால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கொயிலிலும் கசிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும், இரண்டாம் முறை கழற்றும் கூலியாவது மிஞ்சும்.

கம்பிரஷரைப் பற்றிய முடிவை இதற்குப் பிறகே எடுக்க வேண்டும். அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒயிலை வெள்ளைக் காகிதத்தில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சளாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் மகிழ்ச்சி. கறுத்து, வெயிலில் பிடிக்கும்போது வெள்ளித் துகள்கள் மினுங்கினால், உள்ளே உலோகம் தேய்கிறது. அந்தக் கம்பிரஷரை மாற்றுவதோடு நில்லாமல் குழாய்களையும் கொயிலையும் கழுவி, கண்டென்சரையும் மாற்ற வேண்டும், ஏனெனில் தட்டைக் குழாய்க் கண்டென்சரில் சிக்கிய துகளைக் கழுவி எடுக்க முடியாது. ஒயில் சுத்தமாக இருந்து, சுழல்தண்டு கையால் சுற்றும்போது கரடுமுரடில்லாமல் சீராகச் சுற்றினால், சீலை மட்டும் மாற்றி அதே கம்பிரஷரைப் போடலாம் என்பதே என் கருத்து. உங்கள் இரண்டாவது கராஜ் இந்தச் சோதனைகளில் எதையாவது செய்துவிட்டுத்தான் மாற்றச் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பானியக் கம்பிரஷர்கள் கிடைக்கும். குழாய் வாய்கள் மூடி போட்டு அடைத்து வைக்கப்பட்டவையாகப் பார்த்து எடுங்கள். வாய் திறந்தபடி கடை வாசலில் கிடந்தது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அது மாதக் கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கும்.

இவற்றோடு, கட்டாயம் புதிதாகப் போட வேண்டியவை சில: ரிசீவர் ட்ரையர், எல்லா மூட்டுகளினதும் ஓ-ரிங்குகள் எனும் இறப்பர் வளையங்கள், காஸ் அடிக்கும் புதிய வகை வாய்கள். ட்ரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. எட்டு வருடத்தில் அவை உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சி முடித்திருக்கும். ஆர் 134ஏ க்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள், பூட்டும் நிமிடம் வரை அதன் மூடிகளைக் கழற்றாதீர்கள். ஹோஸ்கள் வெடிப்பில்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். மாற்றுவதென்றால் உட்புறம் நைலோன் படலம் உள்ள ஹோஸ் வேண்டும். அமுக்கம் அளவுக்கு மீறினால் கம்பிரஷரை நிறுத்தும் சுவிட்ச் உங்கள் காரில் இல்லையென்றால் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒயிலைப் பொறுத்தவரை, பழைய கனிம ஒயிலை வடித்துக் கழுவிய பின் எஸ்டர் ஒயில் போடுவதையே நான் விரும்புகிறேன். ஆர் 134ஏ க்கென்று வந்த பாக் ஒயிலும் நல்லதுதான், ஆயினும் பழைய ஆர் 12 இன் குளோரீன் மிச்சத்தோடு அது ஒத்துப்போகாது, ஈரத்தையும் விரைவில் உறிஞ்சும்.

எல்லாம் பூட்டி, நைதரசனில் ஓரிரவு அசையாமல் நின்ற பிறகு வெக்கியூம் போடும், அதாவது பம்பால் உறிஞ்சி உள்ளே வெற்றிடமாக்கும் கட்டம். இதில்தான் பல கராஜ்கள் அவசரப்படுகின்றன. பத்து நிமிடம் பம்ப் ஓடியதும் கேஜ் முள் அடிக்குப் போய்விடும், காற்று வெளியேறிவிட்டது உண்மை. ஆனால் ஈரம் அப்படியே இருக்கும். நீர் எமது ஊரில் கடல் மட்டத்து அமுக்கத்தில் 100 பாகையில் கொதிக்கிறது. கேஜ் 29 அங்குலம் காட்டும் வெற்றிடத்தில் அதுவே 25 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெற்றிடத்தை அடைந்து, குறைந்தது முக்கால் மணித்தியாலம் அதிலேயே நிறுத்தினால்தான் மூலைகளில் உள்ள ஈரம் வெளியே வரும். அப்படி வராத ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து, பத்து நிமிடம் குளிர், பத்து நிமிடம் சூடு என்று விளையாட்டுக் காட்டும். ஒயிலோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கவும் செய்யும். வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையைத் திறந்த கொட்டிலில் செய்விக்காதீர்கள். பம்பை நிறுத்திய பிறகு அரை மணித்தியாலம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

காஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கேஜைப் பார்த்து ஏற்றுவோரிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: என்ஜின் நிறுத்தப்பட்ட நிலையில், 30 பாகைச் சூட்டில், ஆர் 134ஏ 97 பிஎஸ்ஐ அளவு காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 700 கிராம் இருந்தாலும் அதே 97 தான், ஏனெனில் சிறிதளவு திரவம் இருக்கும் வரை அமுக்கம் சூட்டைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததன்று. ஆர் 12 ஆக இருந்தாலும் 93 காட்டும், வேறுபாடுகூடத் தெரியாது. பொனட்டின் அடியிலுள்ள தாளில் ஆர் 12 இன் எடை எழுதப்பட்டிருக்கும். அதில் 80 முதல் 90 சதவீதமே ஆர் 134ஏ தேவை. உதாரணமாக 700 கிராம் என்று இருந்தால் 600 கிராம் அளவில் நிறுத்திப் பார்க்கலாம். பெரிய கண்டென்சர் போட்டிருந்தால் சிறிது கூடும். என்ஜினை 1,500 சுற்றில் வைத்து, காருக்குள் காற்றை ஊதும் பிளோவரை முழுவேகத்தில் விட்டு, உட்காற்றையே சுழற்றவிட்டுப் பார்க்கும்போது கம்பிரஷருக்குள் காஸ் வரும் குறைந்த அமுக்கப் பக்கம் 25 முதல் 35 பிஎஸ்ஐ, அதிலிருந்து வெளியேறும் கூடிய அமுக்கப் பக்கம் 200 முதல் 230 பிஎஸ்ஐ இருந்தால் நன்று. நடுத் துவாரத்தில் வைக்கும் வெப்பமானி 8 முதல் 12 பாகைக்குள் வந்துவிட்டால் உங்கள் அம்மா சால்வை கேட்பார். வேலை முடிந்ததும் காஸின் வகை, எடை, ஒயிலின் வகை, திகதி ஆகியவற்றை எழுதிப் பொனட்டின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து அந்தக் காரைத் தொடுபவருக்கு அது பேருதவி.

சமையல் காஸ் விடயத்தில் என் பதில் ஒரே சொல்லில், வேண்டாம். அது நன்றாகக் குளிர வைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை; இன்றைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் அதே குடும்பத்தைச் சேர்ந்த காஸ்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகள் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை, உள்ளே இருக்கும் அளவும் மிகச் சொற்பம். காரில் கூலிங் கொயில் இருப்பது பயணிகள் உட்காரும் அதே அறைக்குள், தீப்பொறி பறக்கக்கூடிய பிளோவர் மோட்டருக்குப் பக்கத்தில். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே சமையல் காஸ் தீப்பற்றும். உங்கள் காரின் உள்ளறை இரண்டரைக் கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 100 கிராம் சொச்சம் காஸ் போதும். ஏசிக்கு அடிப்பதோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கசிகிறது என்று ஏற்கெனவே நிரூபணமான ஓர் அமைப்புக்குள் அதை அடித்துக்கொண்டு, கதவையெல்லாம் மூடி, வயதான தாயாரை உட்கார வைத்துக் கண்டிக்குப் போக நீங்கள் துணியக் கூடாது. விலை குறைந்த போலி ஆர் 134ஏ சிலிண்டர்களைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். 2011 இல் மீதைல் குளோரைட்டு கலந்த போலிக் காஸ் ஏற்றிய குளிர்க் கொள்கலன்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்து மூன்று பேர் உயிரிழந்தனர். அந்தக் கலப்பு அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தானே எரியும் பொருளை உண்டாக்கியதே காரணம். நம்பகமான கடையில், முத்திரை உடையாத சிலிண்டரிலிருந்து அடிப்பதைக் கண்ணால் பாருங்கள்.

உள்ளே மிஞ்சியிருக்கும் பழைய காஸை வெளியில் திறந்துவிடவும் சம்மதிக்காதீர்கள். ஆர் 134ஏ ஓசோனுக்குத் தீங்கில்லை என்றாலும், ஒரு கிலோ அது வெளியேறுவது 1,430 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுவதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள கராஜைத் தெரிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தை ஒரே தடவையில் புரட்ட முடியாவிட்டால், இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதற் கட்டத்தில் கசிவுச் சோதனையையும் ஹீட்டர் தட்டு, விசிறி, பெல்ட் வேலைகளையும் முடியுங்கள். கம்பிரஷர், கண்டென்சர், கொயில் ஆகிய மூன்றில் எது போயிருக்கிறது என்று அப்போது எழுத்தில் கையில் இருக்கும். இரண்டாம் கட்டத்தை, அந்தப் பாகங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு, ஒரே மூச்சில் செய்ய வேண்டும்; அமைப்பைத் திறந்தபடி வாரக்கணக்கில் விடுவதால் புதிய ட்ரையரும் வீணாகும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் வராமல் இருந்த காலத்தில் உங்களுடையதைப் போன்ற எத்தனையோ கார்களை இந்த முறையில் நாங்கள் மீட்டெடுத்திருக்கிறோம். டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் தனி ஏசிப் பெட்டியைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். கார் உடலோடு வந்த கொயிலும் காற்று வழியும் உங்களிடம் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

சரியான பிறகு, மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடமாவது ஏசியை ஓடவிடுங்கள், சுழல்தண்டு சீல் ஒயிலில் நனைந்தபடி இருக்கும். கடற்கரைக்குப் போய் வந்த நாளில் முகப்புச் சல்லடை வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கண்டென்சரைக் கழுவிவிடுங்கள். அழுத்தப் பம்பால் பீய்ச்சினால் செதில் மடிந்துவிடும். கண்டிப் பயணத்துக்கு முதல் வாரம், ஹபரணை வரை ஒரு முறை தனியாக ஓட்டிப் பார்த்து, என்ஜின் சூட்டுமானியையும் நடுத் துவாரத்து வெப்பமானியையும் போகும்போதும் திரும்பும்போதும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறாமல் நின்றால் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகலாம்.